தண்ணீர் கலந்ததாகச் சொன்ன ஒயின்

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், நல்ல ஒயினை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, வாங்கிப் படியுங்கள் என்று சொல்லிவிடுவேன். நல்ல ஒயினை நல்லது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வேண்டியதில்லை. பெரிய மனிதர் ஒருவர் கெட்டது என்று சொல்லிவிட்டதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை ஐயா, இது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வரும் பாருங்கள், அப்போதுதான் நாம் வாங்கும் சம்பளத்துக்கு அர்த்தம் வருகிறது. எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு பழைய ஓட்டலில் ஒயினைப் பார்த்துப் பரிமாறும் ஒயின் ஸ்டூவர்டாக இருந்தேன். வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருடங்கள் ஆகியும் எங்கள் ஓட்டலுக்கு அது யாரும் சொல்லாத செய்தி போலத்தான் இருந்தது. அதே வெள்ளைக் கோட்டு, அதே தலைப்பாகை, ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே ரோஸ்ட். மதராஸிலும் பம்பாயிலும் மதுவிலக்கு. குடிக்கத் தெரிந்தவர்களும், தெரிந்ததாக நினைத்துக்கொண்டவர்களும் ரயிலேறி எங்களிடம் வந்தார்கள். இரண்டாவது வகையினர்தான் அதிகம்.

பாரில் என்னோடு வேலை பார்த்தவர் முனுசாமி. ஒக்கலிபுரத்தில் வீடு. என்னைவிடச் சில வயது இளையவர். சைக்கிளில் வருவார், வந்தவுடன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பிப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் பாதி கிண்டலாக இருக்கும். குடிக்கமாட்டார் என்று சொல்ல மாட்டேன். வேலை நேரத்தில் குடிக்கமாட்டார். எங்கள் லைனில் அதுவே பெரிய சங்கதி.

ஊருக்கு வெளியே ஒரு புதுத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இயந்திரம் பொருத்த இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். மாதக்கணக்காக எங்கள் ஓட்டலில்தான் தங்கியிருந்தார். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் முன் எல்லோருக்கும் தன் ஊர் ஒயினைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருடைய அப்பாவே தோட்டம் வைத்து, திராட்சை பயிரிட்டு, பிழிந்து, பாட்டிலில் அடைத்தது. இயந்திர உதிரிப் பாகங்களோடு சேர்ந்து கொச்சி வழியாக ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. திராட்சையின் பெயர் கிரின்யோலினோ. இத்தாலியின் வடமேற்கில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் விளைவது. அந்தப் பெயரை அதற்கு முன்பு நான் கேள்விப்பட்டதில்லை. ஓட்டலிலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. பெட்டியைப் பார்த்து "இன்னா அண்ணே, கிரிமினல் மாதிரி பேர் வெச்சிருக்கான்" என்று முனுசாமி சிரித்தார்.

விருந்தை நடத்தியவர் தொழிற்சாலைக் கட்டடத்தைக் காண்ட்ராக்ட் எடுத்தவர். பெங்களூரில் பெரிய பணக்காரர். மேஜையில் பரிமாறும் பேரர்கள் அவருக்கு வைத்த பெயர் சௌகார். மேனேஜரிடம் இங்கிலீஷில் பேசுவார், எங்களிடம் கன்னடத்தில் பேசுவார். பேசுவார் என்ன, ஆணையிடுவார். லண்டன் போய் வந்தவர். பிரெஞ்சு ஒயின் பெயர்களை வாய் நிறையச் சொல்வார். வருடத்துக்கு எத்தனையோ விருந்து அவரால் எங்களுக்கு வந்தது என்பதால் மேனேஜர் அவரைக் கண்டால் நாற்காலியில் உட்காரமாட்டார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அதில்தான் வந்தது. சிவப்பு ஒயின் என்றால் மதிய விருந்துக்குக் காலையிலேயே எல்லாப் பாட்டிலையும் திறந்து, டிகாண்டர் என்கிற கண்ணாடிக் கூஜாக்களில் ஊற்றி வைத்துவிடுவோம். பழைய பிரெஞ்சு ஒயினிலும் போர்ட் ஒயினிலும் அடியில் வண்டல் தங்கியிருக்கும். அதைப் பிரிக்க ஏற்பட்ட வழக்கம். வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸிலிருந்து எங்களிடம் வந்தது. வண்டல் இருக்கிறதா இல்லையா என்று யாரும் யோசித்ததில்லை. சிவப்பா, கூஜாவில் ஊற்று. அவ்வளவுதான்.

அன்று காலை நான் மேல்மாடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் வேலையில் இருந்தேன். முனுசாமி தனியாகப் பெட்டியைத் திறந்து, எல்லாப் பாட்டிலையும் கூஜாக்களில் ஊற்றி, சமையலறையை ஒட்டிய பேன்ட்ரியில் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சௌகார் வந்துவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று நேராகப் பேன்ட்ரிக்குள் நுழைந்தார்.

என்னை அழைத்துவர ஆள் ஓடிவந்தான். நான் இறங்கிப் போனபோது பேன்ட்ரியில் சமையல்காரர்கள், பேரர்கள், மேனேஜர் என்று எல்லோரும் நின்றிருந்தார்கள். சௌகார் ஒரு கூஜாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். எனக்கே ஒரு நிமிடம் திக்கென்றது. சிவப்பு ஒயின் என்றால் எங்களுக்கு அடர்த்தியான நிறம். கூஜாவுக்கு அந்தப் பக்கம் கை வைத்தால் விரல் தெரியக் கூடாது. இதிலோ சௌகாரின் மோதிரக் கல் வரைக்கும் தெரிந்தது. ஐஸ் கரைந்த நன்னாரி சர்பத் மாதிரி வெளிறிய சிவப்பு. ஓரத்தில் லேசான ஆரஞ்சு வேறு.

"நீரு ஹாக்கிதியா?" என்று முனுசாமியைக் கேட்டார் சௌகார். தண்ணீர் ஊற்றினாயா என்று.

"இல்ல சார்" என்றார் முனுசாமி.

சௌகார் அதற்கு மேல் அவரைப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தார். பாதி ஒயினை எடுத்து விற்றிருக்கிறான், மீதிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், விருந்தாளியின் அப்பா செய்த ஒயின், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், இதைக் கொட்டிவிட்டு உங்களிடம் இருக்கிற பிரெஞ்சு ஒயினை ஊற்றுங்கள், இவனைப் போலீஸில் கொடுங்கள், நீங்கள் கொடுக்காவிட்டால் நானே கேஸ் கொடுக்கிறேன். சொல்லிவிட்டு முன் ஹாலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உங்களுக்கு இதன் கனம் புரிய வேண்டும். அந்தக் காலத்தில் சரக்கில் தண்ணீர் ஊற்றுவது நடக்காத விஷயமில்லை. ரம்மில் ஊற்றி, எரித்த சர்க்கரையைப் போட்டு நிறத்தைச் சரிக்கட்டும் கில்லாடிகள் இருந்தார்கள். அதனால்தான் அந்தப் பழி ஒருமுறை ஒருவன் மேல் விழுந்தால் போதும், கன்டோன்மென்ட்டில் எந்த ஓட்டலும் எந்த கிளப்பும் அவனை வாசல்படி ஏற்றாது. கேஸில் ஜெயித்து வந்தாலும் ஏற்றாது. முனுசாமிக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

ஒரே ஒரு பாட்டில் சீல் உடையாமல் இருந்திருந்தால் அதைத் திறந்து ஊற்றி, அதே நிறம்தான் பார் என்று காட்டியிருக்கலாம். எங்கள் வழக்கம் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

நான் முனுசாமியிடம் கேட்டேன். "என்னப்பா ஊத்தினே?"

"பாட்டில்ல இன்னா இருந்துச்சோ அதத்தான் ஊத்துனேன். எனக்கும் பாத்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. உன்னக் கூப்புடலாம்னு பாத்தேன், நீ மேல இருந்தே."

நம்பினேன். ஆனால் நான் நம்பியதை வைத்து என்ன செய்வது? மேனேஜருக்கு என் நம்பிக்கை தேவையில்லை, என் நாக்குதான் தேவை.

ஒரு கிளாஸில் ஊற்றி முகர்ந்தேன். நிறத்தைப் பார்த்து எதிர்பார்த்த சப்பை வாசனை இல்லை. காய்ந்த ரோஜா, மேலே கொஞ்சம் வெள்ளை மிளகு. வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு. அது சரி. அப்புறம் பல் ஈறைக் கவ்விப் பிடித்தது ஒரு துவர்ப்பு. கடுக்காயைக் கடித்தவர்களுக்குத் தெரியும். விழுங்கின பிறகும் நாக்கின் ஓரத்தில் கசப்பு நின்றது.

அந்தக் கசப்பு எனக்குப் பழகினதாக இருந்தது. எங்கே என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. சிவாஜிநகரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே தள்ளுவண்டியில் நம் ஊர்க் கறுப்புத் திராட்சை விற்பார்கள். அதை அவசரத்தில் கொட்டையோடு கடித்தால் வருமே, அந்தக் கசப்பு. கறுப்புத் திராட்சையின் தோலைச் சப்பினால் விரலெல்லாம் சாயம். கொட்டையைக் கடித்தால் சாயம் இல்லை, துவர்ப்புதான். அப்படியென்றால் நிறம் வருகிற இடம் வேறு, துவர்ப்பு வருகிற இடம் வேறு. தோலில் சாயம் குறைவாக, கொட்டை அதிகமாக உள்ள ஒரு திராட்சை இருந்தால் அதன் ஒயின் இப்படித்தானே இருக்கும்? தண்ணீர் ஊற்றினால் நிறம் மட்டும் குறையாது. துவர்ப்பும் சேர்ந்துதான் குறையும். இதில் நிறம் இல்லை, துவர்ப்பு முழுசாக இருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் படித்தவர், திவான் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் என்னை உட்கார வைத்தார்.

"கோவிந்து, நீ அவனோட ஃப்ரெண்ட். உன் நாக்கு எப்படி அவனுக்கு எதிரா சொல்லும்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளைகளா, இதை மட்டும் கவனியுங்கள். நாக்கு நம் ஆசைக்கு வளைந்து கொடுக்கும். விலை அதிகம் என்று தெரிந்தால் இனிக்கும். முதலாளி கொண்டுவந்தது என்றால் மணக்கும். முனுசாமி தப்பிக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடு குடித்ததை நானே எப்படி நம்புவது?

"அப்போ எனக்குத் தெரியாம வெச்சுக் குடுங்க சார்" என்றேன். "இதே ஒயினை மூணு கிளாஸ்ல ஊத்துங்க. ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் தண்ணி விடுங்க. எதுலன்னு எனக்குச் சொல்லாதீங்க. நான் அதைக் கண்டுபிடிக்கலேன்னா என் நாக்கை விட்டுடுங்க, சௌகார் சொல்றபடி செய்ங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. நான் தவறினால் முனுசாமியின் கதை முடிந்தது. அவர் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். செய் என்றா, வேண்டாம் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் கண்ணாடி உரசும் சத்தம். திரும்பினேன். மூன்று கிளாஸும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. ஏற்கெனவே வெளிறிய நிறம், இரண்டு ஸ்பூனில் என்ன தெரியும்? முதல் கிளாஸ் துவர்த்தது. இரண்டாவதும் துவர்த்தது. மூன்றாவதை முகர்ந்தபோதே ரோஜாவைக் காணோம். வாயில் வைத்தால் புளிப்பு மட்டும் தனியாக நின்றது, ஈறைப் பிடிக்கவில்லை.

"மூணாவது" என்றேன்.

மேனேஜர் கிளாஸ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுபடி திரும்பச் சொன்னார். மறுபடி மாற்றி வைத்தார். இந்த முறை முதல் கிளாஸ். அதையும் சொன்னேன். பிறகு அவரே ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார், இன்னொரு முறை குடித்தார்.

"சரி, தண்ணி விட்டா தெரியுது" என்றார். "ஆனா ஒரிஜினல் இன்னும் ஸ்ட்ராங்கா இருந்திருந்தா? அதுல தண்ணி ஊத்தித்தான் இப்படி ஆகியிருந்தா?"

உள்ளதைச் சொன்னேன். "அப்படி இருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது சார். இந்தத் திராட்சையை நான் இதுக்கு முன்ன குடிச்சதில்லை. ஆனா ரெண்டு ஸ்பூனுக்கே படுத்துக்கிற ஒயின் இது. பாதி தண்ணியத் தாங்கிட்டு இவ்ளோ வாசனையோட நிக்காது. இது குத்தமில்லாத ஒயின்னுதான் நான் சொல்வேன். இதையே ஊத்துங்க. தப்பா இருந்தா முனுசாமியோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க."

மேனேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பக்கம் சௌகார், ஒரு பக்கம் விருந்தாளியின் அப்பா செய்த ஒயின். அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் இத்தாலிக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார். இதையே ஊற்றி, அது தண்ணீர் கலந்ததாக இருந்தாலும் கண்டுபிடிப்பார். சௌகாருக்குப் பயப்பட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். அந்த மனிதர் பயப்படாமல் இருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். "ஊத்துங்க, சௌகார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். முனுசாமியிடம் மட்டும், "நீ இங்கேயே இரு. வேற பேரர் ஊத்தட்டும்" என்றார்.

"நான்தான் சார் ஊத்துவேன்" என்றார் முனுசாமி. குரலை உயர்த்தவில்லை. "நான் ஒளிஞ்சுக்கிட்டா, செஞ்சவன்தான்னு ஆயிடும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூஜாவை எடுத்து முனுசாமி கையில் கொடுத்தேன்.

மேஜையில் இத்தாலிக்காரருக்குக் கூஜாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏன் இதை இதில் ஊற்றினீர்கள்? பாட்டிலிலிருந்து நேராக, சில்லென்று குடிக்க வேண்டிய ஒயின் ஆயிற்றே" என்று தன் இங்கிலீஷில் கேட்டார். எங்கள் வழக்கம் அது என்று மேனேஜர் மென்று விழுங்கினார். முனுசாமி ஊற்றினார். நான் பக்கவாட்டு மேஜையில் எதையோ துடைப்பது போல நின்றேன். சௌகார் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தாலிக்காரர் கிளாஸைச் சுழற்றி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "என் வீட்டுச் சமையலறையில் இருப்பது போல இருக்கிறது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கியது அவர் கண் மட்டுமில்லை, என் கண்ணும்தான்.

அதற்கப்புறம் அவர் பேச ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. இந்தத் திராட்சையில் கொட்டை மற்றதைவிட அதிகமாம். தோலில் நிறம் ஏறாதாம். வெளியூர்க்காரர்கள் யார் பார்த்தாலும், "உங்கள் அப்பா தண்ணீர் ஊற்றிவிட்டாரா?" என்று கேட்பார்களாம். அதைக் கேட்டால் அப்பா கோபத்தில் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். சௌகாரும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் கூஜாவோடு நின்ற முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதோடு முடிந்திருந்தால் இது நாக்கின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிய கதையாகியிருக்கும். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றிற்று. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். விருந்து முடிந்து பேன்ட்ரிக்கு வந்தவுடன் முனுசாமியின் முதுகில் தட்டினேன். அவர் கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றிருந்தார்.

சௌகார் பேன்ட்ரி வாசல்வரை வந்தார். விருந்து நன்றாக நடந்தது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, முனுசாமியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், கிளம்பத் திரும்பினார்.

"சார்" என்றார் முனுசாமி.

சௌகார் நின்றார். பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"இங்க நின்னுதான் சார் என்னத் திருடன்னு சொன்னீங்க. இவங்க எல்லாம் கேட்டுக்கினு இருந்தாங்க. நான் நாளைக்கும் இவங்களோடதான் வேலை செய்யணும். இல்லேன்னும் இங்கயே நின்னு சொல்லிட்டுப் போங்க."

நான் இடையில் புகுந்து எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஓரடி எடுத்துவைத்தேன். முனுசாமி என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

சௌகாரின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. போயிருக்கலாம். அவரைத் தடுக்க அங்கே யாருக்கும் தகுதி இல்லை. அவர் போகவில்லை. பேன்ட்ரிக்குள் ஓரடி வந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பாய்த்து முனுசாமி" என்றார், தப்பாகிவிட்டது என்று. அவர் வாயிலிருந்து எங்களில் ஒருவனுடைய பெயர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரி சார்" என்றார் முனுசாமி.

சௌகாரின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது வரைக்கும் நேராக நின்ற முனுசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பேரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். முன் ஹாலிலிருந்து ஒரு பேரர் இரண்டு சோடா வேண்டும் என்று வந்தார். கொஞ்சம் பொறு, பேன்ட்ரி இப்போது திறக்காது என்று சொல்லிவிட்டுக் கதவை மறைத்து நின்றுகொண்டேன்.